780 எம்பி மலர், சேமிக்க மறுக்கும் அட்டை

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை செய்கிறேன். எங்கள் வட்டார ஆலயத்தின் கும்பாபிஷேக மலரைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்துகொண்டிருக்கிறேன். ஏ4 அளவு, 64 பக்கம், நடுவில் பின் அடிப்பது. அச்சகத்தில் எழுத்தை எல்லாம் அவுட்லைன் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கித் தரச் சொன்னதால் 64 பக்கத்தையும் ஆக்கிவிட்டேன். இன்டிசைன் கோப்பு மட்டும் 640 எம்பி. பிடிஎஃப் எடுத்தால் 780 எம்பி வருகிறது, அவர்கள் கேட்பதோ 200 எம்பிக்குள். இணையத்தில் ஒரு தளத்தில் போட்டுச் சுருக்கியதில் 38 எம்பி ஆனது, ஆனால் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அட்டையை ஃபோட்டோஷாப்பில் செய்தேன். பழைய மலரின் அட்டையைத் திறந்து அதன் மேலேயே வேலை செய்தது. இப்போது 1.9 ஜிபியைத் தாண்டி, சேமிக்கவே மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு ஆலய வாசலில் கட்ட 20க்கு 8 அடி பேனர் வேண்டுமாம். 300 ரெசல்யூஷனில் புதுக் கோப்பைத் திறந்தாலே கணினி நின்றுவிடுகிறது. ரேம் 8 ஜிபி. புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இந்த மலருக்காக வாங்க வேண்டாம். 16 ஜிபி ரேம் இருந்தால் கை சற்று வேகமாக ஓடும், அவ்வளவுதான். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானே அடங்கும். உங்கள் மூன்று கோப்புகளிலும் எரிகிற விறகு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கண்ணில் பட்டதை எல்லாம் சுருக்கியதால்தான் முகங்கள் கெட்டன.

முதலில் அட்டை. வேறு எதையும் தொடுவதற்கு முன் வேலையைக் காப்பாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது, நீளமோ அகலமோ 30,000 பிக்ஸலைத் தாண்டவும் கூடாது. அது அந்தக் கோப்பு வகையின் வரம்பு, உங்கள் கணினியின் குறை அல்ல. ‘சேவ் ஆஸ்’ போய், வகையில் ‘லார்ஜ் டாக்குமென்ட் ஃபார்மட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பிஎஸ்பி என்ற பின்னொட்டோடு சேமிக்கும். ஆனால் ஓர் ஏ4 மலரின் அட்டைக்கு பிஎஸ்பி தேவைப்படுகிறது என்றாலே எங்கோ கோளாறு. அது இன்றைய இரவுக்கு மட்டும்.

அந்த அட்டை எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம். முன்னும் பின்னும் சேர்த்து 420க்கு 297 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு சேர்த்தால் 426க்கு 303. 300 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வீதம், அது 5,031க்கு 3,579 பிக்ஸல், அதாவது சுமார் 1 கோடியே 80 லட்சம் பிக்ஸல். அச்சுக்கான நான்கு மை வண்ணமுறையான சிஎம்ஒய்கே என்றால் பிக்ஸலுக்கு நான்கு பைட். மொத்தம் 7 கோடியே 20 லட்சம் பைட், ஃபோட்டோஷாப் காட்டுகிற கணக்கில் 68.7 எம்பி. எல்லா லேயரையும் (அடுக்கையும்) ஒன்றாக்கிய உங்கள் அட்டையின் நியாயமான எடை இதுதான், அதுவும் சுருக்குவதற்கு முன்.

இப்போது ஜன்னலின் கீழ் இடது மூலையைப் பாருங்கள். அங்குள்ள அம்புக்குறியை அழுத்தி ‘டாக்குமென்ட் சைஸஸ்’ என்பதைத் தேர்ந்தால் இரண்டு எண் வரும். இடது பக்கத்தது ஒன்றாக்கிய படத்தின் எடை, வலது பக்கத்தது லேயர்களோடு. இடது எண் 68.7 அருகே இருந்தால் அடித்தளம் சரி. 137 என்றால் படம் 16 பிட்டில் இருக்கிறது. ‘இமேஜ் > மோட்’ போய் 8 பிட் ஆக்குங்கள், ஆஃப்செட் அச்சில் வித்தியாசம் தெரியாது. 275 அருகே என்றால் யாரோ 600 பிபிஐ வைத்திருக்கிறார்கள். ரெசல்யூஷனை இரட்டிப்பாக்கினால் எடை இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளம், அகலம் இரண்டும் இரட்டிப்பதால் எடை நான்கு மடங்காகும்.

அடுத்து ஒரு சோதனை. ‘இமேஜ் > டூப்ளிகேட்’ கொடுத்து நகல் எடுங்கள், நகலில் ‘லேயர் > ஃப்ளாட்டன் இமேஜ்’ செய்து தனிப் பெயரில் பிஎஸ்டியாகச் சேமியுங்கள். வட்டில் அந்த நகலின் எடை 70 எம்பிக்குள் வந்தால் சுமை லேயர்களில் இருக்கிறது. லேயரே இல்லாத படம் 300, 400 எம்பி காட்டினால் சுமை பிக்ஸலிலேயே இல்லை. சேனல்ஸ் பேனலில் தேர்வுகளைச் சேமித்து வைத்த பழைய ஆல்ஃபா சேனல்கள் கிடக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோப்பின் குறிப்புத் தகவலுக்குப் போங்கள்.

பழைய அட்டையின் மேலேயே வேலை செய்ததாகச் சொல்கிறீர்களே, என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைக் கொண்டுவரும்போது, மூலக் கோப்பின் அடையாள எண்ணை ஃபோட்டோஷாப் குறிப்புத் தகவலில் எழுதி வைக்கிறது. அந்த மூலக் கோப்புக்கு ஏற்கனவே ஒரு பட்டியல் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். ‘டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ்’ என்பது அதன் பெயர், முன்னோர் பட்டியல். மனிதர்களுக்கே மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரிவதில்லை, இது எல்லாத் தலைமுறையையும் நினைவில் வைத்திருக்கும். பழைய அட்டையிலிருந்து புது அட்டை, அதிலிருந்து அடுத்தது என்று வருடக்கணக்கில் ஒரே கோப்பைப் பயன்படுத்தும் இடங்களில் இந்தப் பட்டியல் மட்டுமே நூற்றுக்கணக்கான எம்பி ஆகிவிடும். ‘ஃபைல் > ஃபைல் இன்ஃபோ’ திறந்து ‘ரா டேட்டா’ பகுதிக்குப் போங்கள். அந்தப் பெயருக்குக் கீழே எண்ணும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக ஓடினால் ஆள் அகப்பட்டான். ஜன்னல் திறக்கவே சில நிமிடம் திணறினால் அதுவும் அடையாளம்தான்.

கையால் அழிக்க முடியாது. அந்த ஒரு பண்பை மட்டும் நீக்குகிற நாலைந்து வரி ஸ்கிரிப்ட் இருக்கிறது. பண்பின் பெயரோடு ‘ஸ்கிரிப்ட்’ என்று சேர்த்துத் தேடினால் அகப்படும். ஸ்கிரிப்ட் எழுதப் பழகியவர் யாராவது இருந்தால், கோப்பின் எக்ஸ்எம்பி எனும் குறிப்புத் தகவலைப் படித்து ஃபோட்டோஷாப் பிரிவிலிருந்து அந்தப் பண்பை நீக்கித் திரும்ப எழுதச் சொல்லுங்கள், போதும். ‘ஃபைல் > ஸ்கிரிப்ட்ஸ் > பிரவுஸ்’ மூலம் ஓட்டிவிட்டுச் சேமியுங்கள். மூலப் படத்தை உள்ளே வைத்திருக்கும் லேயர்களான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்களுக்குள்ளும் தனித்தனிப் பட்டியல் இருக்கக்கூடும், அவற்றையும் திறந்து ஓட்ட வேண்டும். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து லேயர்களை இழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், முன்னோர்களும் கூடவே குடி வந்துவிடுவார்கள்.

சுமை லேயர்களில் என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, சட்டத்துக்கு வெளியே தொங்கும் படங்கள். கோபுரப் படத்தைப் பெரிதாக இழுத்து வைத்து அதில் பாதி மட்டும் அட்டையில் தெரிகிறது என்றால், தெரியாத பாதியும் கோப்பில் இருக்கிறது. ‘இமேஜ் > ரிவீல் ஆல்’ கொடுத்தால் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் அன்டூ செய்துவிடுங்கள். வெளியே உள்ளது இனி வேண்டாம் என்றால் ‘செலெக்ட் > ஆல்’, பிறகு ‘இமேஜ் > கிராப்’. இது சாதாரண லேயர்களுக்கு மட்டும்.

இரண்டாவது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். மூலப் படத்தை அது முழுசாகத் தன் வயிற்றில் வைத்திருக்கும், நீங்கள் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் சரி. அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘கன்வர்ட் டு லிங்க்ட்’ கொடுத்தால் மூலப் படம் தனிக் கோப்பாக வெளியே போய்விடும். ஒரே விளக்குப் படத்தை ஐந்து இடத்தில் வைக்க வேண்டுமா? கன்ட்ரோல் ஜே போட்டு நகலெடுத்தால் ஐந்துக்கும் சேர்த்து மூலம் ஒன்றுதான் சேமிக்கப்படும். ‘நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி’ போட்டால் ஐந்தும் தனித்தனி மூலம்.

மூன்றாவது, கண்ணை மூடி வைத்த லேயர்கள். ‘ஒருவேளை தேவைப்படும்’ என்று வைத்த பழைய மலரின் தலைவர் படம், செயலாளர் படம், தேதி எல்லாம் இருக்கும். அட்டை முழுவதையும் மூடுகிற ஒரு லேயர், ஒளிபுகும் தன்மைக்கான தகவலையும் சேர்த்தால் சுருக்குவதற்கு முன் 86 எம்பி. இருபத்து இரண்டு லேயர் சேர்ந்தால் உங்கள் 1.9 ஜிபியைத் தொட்டுவிடும். அதோடு, பிரெஃபரன்ஸஸில் ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ பகுதியில் பிஎஸ்டி சுருக்கத்தை நிறுத்தி வைக்கிற ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்பதை அணைத்தால் எடை குறையும் என்ற யோசனையும் உலவுகிறது. குறையும், ஆனால் ஒன்றாக்கிய படம் ஒன்றின் எடை அளவுக்குத்தான். பதிலுக்கு இன்டிசைனில் வைக்கும்போது தொல்லை கொடுக்கும். அதைத் தொட வேண்டாம்.

அட்டை போதும், மலருக்கு வருவோம். இன்டிசைன் கோப்பு படங்களைத் தன்னுள் வைப்பதில்லை. எங்கே இருக்கின்றன என்ற முகவரியும் திரையில் காட்ட ஒரு சின்ன நகலும்தான் வைத்திருக்கும். எனவே 64 பக்கத்துக்கு 640 எம்பி என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது.

முதல் வேலை, புதுப் பெயரில் ‘சேவ் ஆஸ்’. வெறும் ‘சேவ்’ ஒவ்வொரு முறையும் மாற்றங்களைக் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும், அழித்ததையும் சரியாகத் துடைக்காது. ‘சேவ் ஆஸ்’ கோப்பை முதலிலிருந்து எழுதும். மாதக்கணக்கில் திருத்திய மலரில் இது மட்டுமே பெரும் பங்கை இறக்கிவிடும். போதவில்லை என்றால் ‘ஃபைல் > எக்ஸ்போர்ட்’ போய் இன்டிசைனின் பரிமாற்றக் கோப்பு வகையான ஐடிஎம்எல் ஆக எடுத்து, அதைத் திறந்து, மறுபடி இன்டிசைன் கோப்பாகச் சேமியுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய அழுக்கு பெரும்பாலும் கழன்றுவிடும். அதன் பிறகு பக்கங்களை ஒருமுறை புரட்டி வரி முறிவுகளைச் சரிபாருங்கள். தமிழ்ப் பத்திகளுக்கு ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ தேர்வாகி இருக்க வேண்டும். அது இல்லாத பத்தியில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுவிட்டுத் தனியாக நடக்கும்.

பிறகு லிங்க்ஸ் பேனல். பெயருக்குப் பக்கத்தில் உட்பொதித்ததற்கான சின்னம் இருக்கிற படங்களை எல்லாம் தேர்ந்து, ரைட் கிளிக்கில் ‘அன்எம்பெட்’ கொடுங்கள். பட்டியலில் பெயரே வராத படங்களும் இருக்கலாம். ஃபோட்டோஷாப்பிலோ வேர்டிலோ நகலெடுத்து நேராக ஒட்டிய படங்கள் அவை. அவற்றை அழித்துவிட்டு, மூலக் கோப்பை ‘ஃபைல் > பிளேஸ்’ மூலம் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. ஒட்டியதில் படத்தின் தரமும் குறைந்திருக்கக்கூடும், ஆகவே இது வீண் வேலை இல்லை.

இனி அந்த அவுட்லைன். மலரின் உள் பக்கங்களில் இதைச் செய்திருக்கவே கூடாது. எழுத்தாக இருக்கும்வரை ‘ம’ என்ற எழுத்தின் வடிவம் எழுத்துருவில் ஒரே முறை இருக்கிறது. பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதுதான் திரும்பத் திரும்பப் பதிவாகும். அவுட்லைன் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு ‘ம’வும் தனிப் படம், ஒவ்வொன்றுக்கும் வளைவும் புள்ளியும் தனித்தனி. பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று குறைத்து வைத்தாலும் 64 பக்கத்துக்கு 128,000 வடிவங்கள். இன்டிசைன் கோப்பும் பிடிஎஃபும் ஒருசேரப் பருக்கும், பக்கம் திரும்ப நேரமாகும், சிறிய எழுத்துகள் சற்றுத் தடிப்பாகவும் விழலாம். இதை எல்லாம்விட, அச்சேறுவதற்கு முதல் நாள் உபயதாரர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கப்படும். அப்போது எதைத் திருத்துவீர்கள்?

அச்சகத்தார் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மூலக் கோப்பை அவர்கள் கணினியில் திறந்தால், உங்கள் எழுத்துரு அங்கே இல்லாதபோது தமிழ் சிதறும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக் கணினியோடு வருகிறது. அதில் செய்த பக்கத்தை அச்சகத்தின் விண்டோஸில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் எல்லாம் நகரும். ஆனால் நீங்கள் கொடுப்பது பிடிஎஃப். பயன்படுத்திய எழுத்துகளை இன்டிசைன் அதற்குள்ளேயே வைத்து அனுப்புகிறது, அதன் எடை பெரும்பாலும் ஒரு எம்பியைக்கூடத் தொடாது. அக்ரோபேட்டில் ‘ஃபைல் > பிராப்பர்டீஸ் > ஃபான்ட்ஸ்’ திறந்து, எல்லாப் பெயருக்கும் அருகில் ‘எம்பெட்டட் சப்செட்’ என்று இருப்பதை அச்சகத்தாருக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் அவுட்லைன் செய்வதைத் தனி நகலில், கடைசி நாளில் செய்யுங்கள். அவுட்லைனுக்கு முந்தைய கோப்பு உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தால் வேலையை அதிலிருந்தே தொடருங்கள்.

பிடிஎஃபில் எது எவ்வளவு எடை என்பதை ஊகிக்க வேண்டியதே இல்லை, அக்ரோபேட் புரோ நிறுத்துச் சொல்லும். ‘சேவ் ஆஸ் அதர் > ஆப்டிமைஸ்டு பிடிஎஃப்’ போனால் வருகிற ஜன்னலின் மேல் வலது மூலையில் ‘ஆடிட் ஸ்பேஸ் யூஸேஜ்’ என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் படங்கள், எழுத்துருக்கள், ‘கன்டென்ட் ஸ்ட்ரீம்ஸ்’ என்று ஒவ்வொன்றும் எத்தனை பைட், எத்தனை விழுக்காடு என்று பட்டியல் போடும். பார்த்துவிட்டு ரத்து செய்துவிடலாம். படங்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றால் கோளாறு படங்களில். கன்டென்ட் ஸ்ட்ரீம்ஸும் ‘எக்ஸ் ஆப்ஜெக்ட் ஃபார்ம்ஸ்’ என்பதும் பெரிதாக இருந்தால் கோளாறு கோடுகளில், அதாவது அவுட்லைன் ஆன எழுத்திலோ கோலம், தோரணம், கோபுர நிழலுரு போன்ற வெக்டர் அலங்காரத்திலோ. வெக்டர் என்றாலே எடை இருக்காது என்று எண்ண வேண்டாம். படத்தை ‘இமேஜ் டிரேஸ்’ செய்து எடுத்த ஒரு கோலத்தில் பல்லாயிரம் புள்ளிகள் இருக்கும், அதை எவ்வளவு சிறிதாக்கினாலும் புள்ளி குறையாது. இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஆப்ஜெக்ட் > பாத் > சிம்ப்ளிஃபை’ போட்டுப் பாருங்கள். மங்கலாகப் பின்னணியில் நிற்கிற அலங்காரம் என்றால் 300 பிபிஐ படமாக மாற்றிவிடுவதே நல்லது.

படங்களின் பக்கம் ஒரே ஓர் உதாரணம் போதும். திருப்பணிக் குழுவினர் நாற்பது பேர், ஆளுக்கு 30க்கு 40 மில்லிமீட்டர் படம். கைப்பேசியில் எடுத்தது, 3,000க்கு 4,000 பிக்ஸல். 30 மில்லிமீட்டருக்குள் 3,000 பிக்ஸலை அடைத்தால் அங்குலத்துக்கு 2,540. அச்சுக்கு வேண்டியது 300, அதாவது 354க்கு 472 பிக்ஸல். தேவையைப்போல எழுபது மடங்குக்கும் மேல் தகவல் அந்தக் கட்டத்துக்குள் நெரிகிறது, அச்சு இயந்திரமோ அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடப் போகிறது. லிங்க்ஸ் பேனலின் ‘பேனல் ஆப்ஷன்ஸ்’ போய் ‘எஃபெக்டிவ் பிபிஐ’ என்ற பத்தியைச் சேர்த்து, அதன் தலைப்பை அழுத்துங்கள். எண் வரிசையில் அடுக்கும். ஆயிரத்தைத் தாண்டியவை எல்லாம் குழுப் படங்களாகவே இருக்கும். ‘ஆக்சுவல் பிபிஐ’யைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோப்பில் எழுதியிருக்கும் எண் அது. பக்கத்தில் வைத்த அளவில் என்ன ஆகிறது என்பதுதான் எஃபெக்டிவ்.

நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சுருக்கி உட்கார வேண்டாம். பிடிஎஃப் எடுக்கும்போதே இன்டிசைன் சுருக்கித் தரும், அந்தப் பகுதி உங்களிடம் அணைந்திருக்கிறது என்று 780 எம்பியே சொல்கிறது. ‘எக்ஸ்போர்ட்’ ஜன்னலில் ‘கம்ப்ரெஷன்’ பகுதிக்குப் போங்கள். வண்ணத்துக்கும் கிரேஸ்கேலுக்கும் ‘பைக்யூபிக் டவுன்சாம்ப்ளிங்’, 300 பிபிஐ, ‘450க்கு மேற்பட்ட படங்களுக்கு’ என்று இருக்க வேண்டும். ‘டூ நாட் டவுன்சாம்பிள்’ என்று இருந்தால் மாற்றுங்கள். கீழே சுருக்க முறை ‘ஜிப்’ என்று இருந்தால் ‘ஆட்டோமேட்டிக் ஜேபெக்’ ஆக்குங்கள். புகைப்படத்துக்கு ஜிப் அதிகம் உதவாது. தரம் ‘மேக்ஸிமம்’. அதிலும் 200 எம்பியைத் தாண்டினால் ‘ஹை’ போதும், ஆஃப்செட் தாளில் அதைப் பிரித்துச் சொல்ல உருப்பெருக்கி வேண்டும். ‘கிராப் இமேஜ் டேட்டா டு ஃபிரேம்ஸ்’ என்ற பெட்டியில் டிக் போடுங்கள், சட்டத்துக்கு வெளியே மறைந்திருக்கும் படப்பகுதி வெட்டுப்படும். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-4 ஏற்பார்களா என்று கேளுங்கள். எக்ஸ்-1ஏ என்றால் நிழல், ஒளிபுகும் விளைவுகளை எல்லாம் தட்டையாக்க வேண்டியிருப்பதால் படங்கள் துண்டு துண்டாகி எடை ஏற வாய்ப்பு உண்டு. இத்தனைக்கும் பிறகு உங்கள் 64 பக்கம் 100 முதல் 200 எம்பிக்குள் வருவது இயல்பு. 38 எம்பி வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

பழைய மலர்களிலிருந்து வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த பக்கங்கள் இருக்கின்றனவா? வெறும் கறுப்பு எழுத்துள்ள ஏ4 பக்கத்தை 600 பிபிஐயில் வண்ணத்தில் வருடினால் ஏறக்குறைய 100 எம்பி. அதையே கிரேஸ்கேல் ஆக்கி, பிறகு ‘இமேஜ் > மோட் > பிட்மேப்’ போய் ‘50% திரெஷோல்ட்’ கொடுத்தால் பிக்ஸலுக்கு ஒரு பிட். 4 எம்பி சொச்சத்துக்கு இறங்கும், எழுத்து முன்பைவிடக் கூர்மையாக விழும், மஞ்சளடித்த தாளின் கறையும் போய்விடும். படமுள்ள பக்கத்துக்கு இது ஆகாது.

அந்த இணையத் தளத்தை மறந்துவிடுங்கள். அப்படிப்பட்ட தளங்கள் திரைக்காகச் சுருக்குகின்றன. பலவற்றில் சிஎம்ஒய்கே திரைக்கான வண்ணமுறையான ஆர்ஜிபியாக மாறி, அச்சகத்தில் மறுபடி சிஎம்ஒய்கே ஆகும்போது கறுப்பு எழுத்து நான்கு மையின் கலவையாகத் திரும்பும். தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு வண்ண ஓரம் வந்துவிடும். எந்தப் பிடிஎஃபையும் அனுப்புவதற்கு முன் அக்ரோபேட்டின் ‘அவுட்புட் பிரிவ்யூ’வில் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். உடல் எழுத்து மாறாமல் கன்னங்கரேலென்று நின்றால் சரி.

விளம்பரதாரர்கள் பக்கம் இதற்கு நேர் எதிரான சிக்கல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீள வாக்கில் சுமார் 1,600 பிக்ஸலாகக் குறைந்து வரும். 300 பிபிஐயில் அது பதின்மூன்றரை சென்டிமீட்டர், முழுப் பக்க விளம்பரத்துக்குப் போதாது. அதைப் பெரிதாக்கினால் எடைதான் கூடும், தெளிவு கூடாது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

கடைசியாகப் பேனர். 20 அடி என்பது 240 அங்குலம், 8 அடி 96 அங்குலம். 300 பிபிஐயில் 72,000க்கு 28,800 பிக்ஸல், சிஎம்ஒய்கேயில் ஏறக்குறைய 8 ஜிபி. கணினி நிற்காமல் என்ன செய்யும்? 300 என்ற எண் கையில் வைத்து ஓரடி தூரத்தில் படிக்கிற புத்தகத்துக்கானது. சாதாரணக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். 30 சென்டிமீட்டரில் அது சுமார் 290 பிபிஐ ஆகிறது, 3 மீட்டரில் 29தான். வாசலில் உயரக் கட்டிய பேனரை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லை. முழு அளவில் 50 பிபிஐ தாராளம், 75 என்றால் ஆடம்பரம்.

இன்னொரு தடையும் உண்டு. பிடிஎஃப் பக்கம் வழக்கமாக 200 அங்குலத்தோடு நிற்கிறது, இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான பரப்பு 227 அங்குலம் சொச்சம். 240 அங்குலம் இரண்டிலும் அடங்காது. ஆகவே நான்கில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள், 5 அடிக்கு 2 அடி, 200 பிபிஐ. அது 12,000க்கு 4,800 பிக்ஸல், ஒன்றாக்கிய எடை 220 எம்பி, உங்கள் 8 ஜிபி ரேம் தாங்கும். அளவைக் குறைத்துவிட்டு அதே விகிதத்தில் பிபிஐயை ஏற்றினால் பிக்ஸல் எண்ணிக்கை மாறாது, எடையும் மாறாது. கால் அளவில் 1,200 பிபிஐ வைத்துவிட்டு ‘சின்னதாகத்தானே செய்தேன்’ என்று கேட்பவர்கள் நிறைய.

ஃபோட்டோஷாப்பில் பின்னணியும் படமும் மட்டும் செய்யுங்கள். எழுத்தை இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்ட்ராவிலோ மேலே வைத்தால் எந்த அளவிலும் விளிம்பு கூராக நிற்கும். பேனர் கடைக்குப் போகிற கோப்பில் பத்து வரிதான் எழுத்து, இங்கே தாராளமாக அவுட்லைன் ஆக்கலாம். கோரல்ட்ராவில் அது கன்ட்ரோல் க்யூ. கோரலில் ஒரு கவனம் வேண்டும்: இறக்குமதி செய்த படம் கோப்புக்குள்ளேயே உட்காரும், பவர்கிளிப் என்ற சட்டத்துக்குள் மறைத்த பகுதியும் அப்படியே இருக்கும். எடை கூடினால் ‘பிட்மேப்ஸ் > ரீசாம்பிள்’ செய்யுங்கள்.

நாலு ஓரத்திலும் முழு அளவில் 2 அங்குலத்துக்கு எழுத்து போகக் கூடாது, மடிப்பும் கயிற்று ஓட்டையும் அங்கேதான் வரும். உங்கள் கால் அளவுக் கோப்பில் அது அரை அங்குலம். கோப்பின் பெயரிலேயே ‘1க்கு 4, அச்சு 400%’ என்று எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் 5 அடிப் பேனர் வந்து சேரும்.